கிரியாட்டினின் 1.1 என்றால் நிம்மதியா?

சிறுநீரகம் பற்றி வாசகர் கேள்விகளுக்கு நம் டாக்டர் அம்மாவின் பதில்கள்

போன இதழில் 'கிட்னி பற்றிக் கேளுங்கள்' என்று அறிவித்ததும் அறிவித்தார்கள், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் இடுப்புவலிதான். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பியவர்களுக்கு நன்றி. 'கிட்னி கொஞ்சம் வீக்' என்று ஒரே வரியில் எழுதியவர்களே, அடுத்த முறை தாளையும் சேர்த்து அனுப்புங்கள். ஜோசியம் எனக்குத் தெரியாது.

இரண்டு மாதமாக இடுப்பின் இடது பக்கம் வலி. குனிந்தால் பிடித்துக்கொள்கிறது. கிட்னி ஃபெயிலியரின் ஆரம்பமா? தினமும் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் டூட்டிக்குப் போகிறேன்.
பேருந்து நடத்துநர், திண்டுக்கல்

குனிந்தால் பிடிக்கிறது, படுத்தால் விடுகிறது என்றால் அது பெரும்பாலும் தசை, இல்லையென்றால் முதுகெலும்பு. நாள் முழுக்க ஆடும் வண்டியில் நின்றுகொண்டு டிக்கெட் கிழிப்பவருக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சிறுநீரகங்கள் பெல்ட் கட்டும் இடத்துக்கு மேலே, கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முதுகுப்புறமாக இருக்கின்றன. நீங்கள் குனிவதும் நிமிர்வதும் அவற்றுக்குத் தெரியாது.

கல் அடைத்தால் வலிக்கும். ஆனால் அந்த வலியே வேறு. விலாவுக்குக் கீழே கிளம்பி அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கும். உட்கார்ந்தாலும் படுத்தாலும் இருப்புக்கொள்ளாது. வாந்தி வரும். கிருமித் தொற்று என்றால் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் இருக்கும். மெதுவாகச் செயலிழக்கும் சிறுநீரகமோ பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலித்திருந்தால் என்னிடம் பலர் இவ்வளவு தாமதமாக வந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் இடுப்பைவிட அந்த மாத்திரைதான் எனக்குக் கவலை. பெயரை எழுதவில்லையே! அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று ஏதாவது இருக்கும். இந்த வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் போட்டால் சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும். மாதக்கணக்கில், அதுவும் வழியில் கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் டூட்டி பார்க்கும் உடம்பில், அது வேறு கதை. கூடவே பிரஷர் மாத்திரையும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சாப்பிடுபவராக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் பரவாயில்லை, அளவோடு. ஆனால் பாரசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக் கலந்த மாத்திரைகள் கடைகளில் நிறைய. அட்டையில் முதல் பெயரை மட்டும் படித்துவிட்டு நம்பிவிடாதீர்கள். இரண்டு மாதம் சாப்பிட்டாயிற்று, அதனால் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது) ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். இடுப்புக்கு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

எனக்கு 66 வயது. கிரியாட்டினின் 1.4 என்று லேப் தாளில் தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. மனைவிக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. அவருக்கு 1.1தான், நார்மல். நான் மட்டும் என்ன தவறு செய்தேன்?
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், திருவாரூர்

கணக்கு வாத்தியார் என்பதால் உங்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் உள்ளவருக்கு அது அதிகமாகவே உற்பத்தியாகும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு, சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணிக்க வேண்டும். அதைத்தான் இ.ஜி.எஃப்.ஆர். என்கிறோம். அது குறைந்தால்தான் கவலை. 2021இல் திருத்திய சூத்திரத்தில் உங்கள் 1.4ஐப் போட்டால் ஏறக்குறைய 55 வருகிறது. உங்கள் மனைவியின் 1.1ஐப் போட்டால் 56. அவ்வளவுதான் வித்தியாசம்! உங்களுக்குத் தடித்த எழுத்து, தூக்கமின்மை. அவருக்கு 'நார்மல்', நிம்மதி. இதே 1.1 ஒரு 28 வயது இளைஞனுக்கு வந்திருந்தால் கணக்கு 94க்குப் போகும். பல லேப் தாள்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும், இருபதுக்கும் எழுபதுக்கும் சேர்த்து ஒரே 'நார்மல்' வரம்பு அச்சடித்திருப்பார்கள். அந்த வரம்பால் ஏமாந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஒல்லியான, வயதான பெண்கள்தான்.

உங்கள் இருவரில் உங்கள் மனைவியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம், சர்க்கரை இருப்பதால். சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது முதலில் தெரிவது ரத்தத்தில் அல்ல, சிறுநீரில். ஆல்புமின் என்ற புரதம் துளித்துளியாகக் கசியும். 'யூரின் ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம்' என்று கேட்டு எடுங்கள். 30க்குக் கீழ் இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள், மருந்தால் பிடித்து நிறுத்த ஏற்ற கட்டம். 300ஐத் தாண்டினால் சிறுநீரக மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரைக்கு மாதாமாதம் ரத்தம் கொடுப்பவர்களில் எத்தனை பேர் இந்த ஒரு டெஸ்ட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது. 2023இல் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்குச் சிறுநீரில் புரதம் பார்க்கத் தொடங்கினார்கள். அங்கே ஒரு பட்டையை நனைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதைக்கூடப் பலர் 'யூரின் எதுக்கு, ரத்தம் எடுத்தாச்சே' என்று தட்டிக் கழிக்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். ஒரே ஒரு தடவை வந்த எண்ணை வைத்து யாருக்கும் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் சூட்டுவதில்லை. பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். முந்தைய இரவு விருந்தில் ஆட்டுக்கறி சாப்பிட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஏறும். அதே லேப்பில் மறுபடி பாருங்கள், பழைய தாள்களைத் தேடி எடுத்து வையுங்கள். ஐந்து வருடமாக 1.3, 1.4 என்றே இருந்தால் ஒரு பேச்சு, போன வருடம் 0.9 இருந்தது என்றால் வேறு பேச்சு.

சிறுநீரில் நுரை வருகிறது. இணையத்தில் படித்துவிட்டுப் பயந்துபோயிருக்கிறேன்.
மென்பொருள் ஊழியர், 31, சென்னை

உயரத்திலிருந்து வேகமாக விழுந்தால் நுரை வரும். தண்ணீர் குடிக்காத நாளில் காலைச் சிறுநீரிலும் வரும். கழிப்பறையில் ஊற்றிய கிளீனராலும் வரும். சில விநாடிகளில் உடைந்து போனால் மறந்துவிடுங்கள். பீர் கோப்பையின் மேல் நிற்பது போல அடுக்கடுக்காக நின்று, தினமும் அப்படியே இருந்தால், மேலே ஆசிரியருக்குச் சொன்ன டெஸ்ட்டை எடுங்கள். பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள். 31 வயதில் எனக்கெதற்கு பிரஷர் என்று கேட்காதீர்கள்.

என் நாலு வயதுப் பையனுக்குக் காலையில் கண் இமை வீங்கியிருக்கிறது. மாலையில் குறைந்துவிடுகிறது. மாமியார் சளி என்கிறார். கண் டாக்டர் அலர்ஜிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். இப்போது காலும் வீங்குகிறது.
ஒரு தாய், பட்டுக்கோட்டை

இந்தப் பத்தியைப் படித்ததும் கிளம்புங்கள் அம்மா, நாளை வரை தள்ள வேண்டாம். குழந்தைகள் மருத்துவரிடம் போய் முதலில் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். புரதம் மூன்று பிளஸ், நாலு பிளஸ் என்று வந்தால் அது பெரும்பாலும் நெஃப்ராட்டிக் சின்ட்ரோம். சிறுநீரக வடிகட்டி புரதத்தைப் பிடித்துவைக்க முடியாமல் கோட்டைவிடுகிறது. ரத்தத்தில் புரதம் குறைய, தண்ணீர் திசுக்களில் தேங்குகிறது. இரவு முழுக்கப் படுத்திருப்பதால் காலையில் முகத்தில் தெரியும், ஓடி விளையாடியபின் காலுக்கு இறங்கிவிடும்.

பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். இந்த வயதில் வருவது பெரும்பாலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை. பலருக்குச் சில வாரங்களிலேயே புரதக் கசிவு நின்றுவிடும். திரும்பத் திரும்ப வரும் என்பது உண்மை. ஒரு சளி, காய்ச்சல் போதும், மறுபடி முகம் வீங்கும். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் வளர வளர இதிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள், சிறுநீரகமும் கெடுவதில்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். முகம் உப்புகிறது, பசி கூடுகிறது என்பதெல்லாம் மருந்து குறையக் குறையச் சரியாகும். இரண்டாவது, சிறுநீர்ப் பட்டை வாங்கி வீட்டிலேயே காலையில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் வந்தால் வீக்கம் வரும்வரை காத்திராமல் டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டு அதிக அளவில் போகும் காலத்தில் எந்தத் தடுப்பூசியையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். வீங்கியிருக்கும் நாட்களில் உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் பாக்கெட் கண்ணில் படவே கூடாது. பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.

அப்பா விவசாயக் கூலி. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, குடி இல்லை. கிரியாட்டினின் 2.8 என்கிறார்கள். எப்படி வந்திருக்கும்?
கல்லூரி மாணவர், கடலூர் மாவட்டம்

உங்கள் அப்பா தனி ஆள் இல்லை தம்பி. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதி, இலங்கையின் வடமத்திய மாகாணம், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள் என்று பல இடங்களில் வயலில் வேலை செய்பவர்களுக்கு இப்படிக் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வருகிறது. தமிழகத்திலும் விவசாயத் தொழிலாளர்களிடம் பார்க்கிறோம். கடும் வெயிலில் மணிக்கணக்காக உழைப்பது, வியர்வையில் போகும் நீரை ஈடு செய்யாதது ஆகியவற்றின் மேல் சந்தேகம் வலுவாக இருக்கிறது. பூச்சிமருந்து, நிலத்தடி நீர் பற்றியும் ஆராய்கிறார்கள். இதுதான் என்று ஒன்றை நோக்கி விரல் நீட்ட இன்னும் முடியவில்லை.

ஆனால் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். நடவு, அறுப்பு முடிந்த இரவில் உடம்புவலிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டா? எங்கள் பிரிவுக்கு வந்த கூலித் தொழிலாளர்களிடம் விசாரித்தால் 'ஊருக்குள்ள வர்ற டாக்டர்கிட்ட ஒரு வலி ஊசி' என்ற பதில் அடிக்கடி வரும். வெயிலில் காய்ந்த உடம்பில் அந்த ஊசி இறங்கினால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

முதலில் ஸ்கேன் எடுத்து அடைப்பு, சுருக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சிறுநீர்ப் பரிசோதனையும் வேண்டும். வேலையை விடச் சொல்லி நான் எழுதினால் சோறு யார் போடுவது? ஆகவே விடிகாலையில் தொடங்கி உச்சி வெயிலுக்குமுன் கரையேறட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்கட்டும், கால் வீக்கமோ மூச்சு வாங்குவதோ இல்லாதவரை. வலி ஊசி இனி வேண்டவே வேண்டாம்.

நானும் சர்க்கரை நோயாளி. டெல்மிசார்ட்டன் தொடங்கியபின் கிரியாட்டினின் 1.2இலிருந்து 1.4 ஆகிவிட்டது. பிரஷர் மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். நிறுத்திவிட்டேன்.
மளிகைக் கடை உரிமையாளர், விருதுநகர்

கடைக்காரர் பேச்சைக் கேட்டு நிறுத்தியது தவறு. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாபிரில், ராமிபிரில் இவையெல்லாம் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து, புரதக் கசிவைக் கட்டுப்படுத்துபவை. அழுத்தம் குறைவதால் தொடக்கத்தில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் நாங்கள் பொறுத்துக்கொள்வோம். உங்களுக்கு ஏறியது 17 சதவீதம்கூட இல்லை. பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டு மறுபடி தொடங்குங்கள். டாபாகிளிஃப்ளோசின் பற்றியும் அவரிடம் பேசுங்கள். சர்க்கரைக்கு வந்த மருந்து, சிறுநீரகத்தையும் காப்பாற்றுகிறது என்று 2020இல் வெளியான பெரிய ஆய்வில் நிரூபணமானது. காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலையும் இறங்கிவிட்டது. வாந்தி, பேதி என்று படுத்துவிட்ட நாட்களில் மட்டும் இந்த மாத்திரைகளைத் தொடரலாமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

வீட்டுக்காரருக்குக் கிரியாட்டினின் 3.2, பொட்டாசியம் 5.6. இளநீர் குளிர்ச்சிதானே, கொடுக்கலாமா? உப்புக்குப் பதில் இந்துப்பு போடுகிறேன். சரியா?
இல்லத்தரசி, நாகர்கோவில்

இளநீர் வேண்டாம். குளிர்ச்சியா சூடா என்பதல்ல, அதில் பொட்டாசியம் அதிகம். ஆரோக்கியமான சிறுநீரகம் கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். அவருடையதால் முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும், முன்னறிவிப்பு இல்லாமல். 5.6 என்பதே எச்சரிக்கை எண். வாழைப்பழம், ஆரஞ்சு, பேரீச்சை, கீரைச் சூப் எல்லாவற்றையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். ஆப்பிள், பேரிக்காய், கொய்யா என்று கேட்டால் முதல் இரண்டும் சிறு அளவில் சரி, கொய்யா வேண்டாம். காய்களைச் சிறு துண்டாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு தாளியுங்கள். சத்து போய்விடுமே என்று அந்தத் தண்ணீரில் ரசம் வைத்துவிடாதீர்கள்.

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், பெயர்தான் வேறு. அதைவிட மோசம், 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பு. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். பிரஷருக்கு நல்லது என்று யாராவது வாங்கிக் கொடுத்தால் அவரவர் வீட்டுக்கே திருப்பி அனுப்புங்கள்.

உங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் இன்னொன்று. நட்சத்திரப் பழமும், கேரளாவில் இரும்பன் புளி என்கிற பிலிம்பியும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. நட்சத்திரப் பழத்தில் உள்ள நச்சு, சிறுநீரக நோயாளிகளுக்கு விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய்விடும். பிலிம்பியின் சாற்றைக் கொழுப்புக் குறையும் என்று வெறும் வயிற்றில் குடித்து, அதிலுள்ள ஆக்ஸலேட் என்ற உப்பு படிந்து, நல்ல சிறுநீரகத்தையே கெடுத்துக்கொண்டவர்கள் கேரளாவில் உண்டு.

நாலு மில்லிமீட்டர் கல். பீர் குடித்தால் கரையும் என்கிறார்கள் நண்பர்கள்.
ராமநாதபுரம் வாசகர்

கரையாது. நாலு மில்லிமீட்டர் பெரும்பாலும் தானாகவே வெளியேறும், அந்தப் பெருமையைப் பீர் தட்டிக்கொண்டு போகிறது. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். உங்கள் ஊர் வெயிலில் மூன்றரை லிட்டராவது ஆகும். உப்பைக் குறையுங்கள், பாலையும் மோரையும் நிறுத்தாதீர்கள். உணவில் வரும் கால்சியம், கல்லை உண்டாக்கும் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். வாழைத்தண்டு பொரியல் தாராளமாகச் சாப்பிடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது, கிரியாட்டினின் 6.9. கையில் ஃபிஸ்டுலா போடச் சொல்கிறார்கள். டயாலிசிஸ் தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். ஒரு வைத்தியர் பொடி தருகிறாராம்.
மகள், சேலம்

கண்ணாடி விரியன் கடித்தவர், எலிக்காய்ச்சலில் சிறுநீர் நின்று போனவர், பேதியில் வற்றிப் போனவர் என்று எத்தனையோ பேர் சில வாரம் டயாலிசிஸ் செய்துகொண்டு, சிறுநீரகம் மீண்டதும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். டயாலிசிஸ் யாரையும் பிடித்துவைப்பதில்லை. அப்பாவுக்கு இருப்பது பல வருடமாகச் சுருங்கிய சிறுநீரகம் என்றால், தொடர வேண்டியிருப்பது அந்த நோயினால்.

ஃபிஸ்டுலா போட்டாலே நாளைக்கு டயாலிசிஸ் என்று அர்த்தமும் இல்லை. முழங்கைப் பக்கமோ மணிக்கட்டிலோ தமனியையும் சிரையையும் இணைத்துவிட்டால், அந்தச் சிரை பருத்து ஊசி தாங்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதனால்தான் முன்கூட்டியே போடச் சொல்கிறார்கள். தள்ளிப்போட்டால் ஒருநாள் நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு போவீர்கள், கழுத்தில் குழாய் போடுவார்கள். அதில் கிருமி ஏறினால் காய்ச்சல், செலவு, உயிருக்கும் ஆபத்து. இன்றிலிருந்தே, ஃபிஸ்டுலாவுக்கு வேண்டிய இடது கையில் ரத்தம் எடுக்கவோ ஊசி போடவோ விடாதீர்கள். லேப்காரரிடம் வலது கையை நீட்டச் சொல்லுங்கள். அப்பா இடதுகைக்காரர் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

பொடி வேண்டாம். எந்த மருத்துவ முறையையும் நான் பழிக்கவில்லை. என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத எதையும் இந்த நிலையில் உள்ளே விடக் கூடாது, அவ்வளவுதான். பாதரசம் போன்ற உலோகங்கள் நல்ல சிறுநீரகத்தையே கெடுக்கும். கேரளத்தின் மலப்புரத்தில் 2023இல், சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்கே பாதரசத்தால் சிறுநீரில் புரதம் கொட்டியதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். தோலில் பூசியதற்கே அப்படி என்றால், விழுங்கினால்?

செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா பாருங்கள், டயாலிசிஸ் அதில் வரும். மருத்துவமனைக்கு அலைய முடியாவிட்டால் வயிற்று வழி டயாலிசிஸ் உண்டு, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

58 வயதில் மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் இப்போதே பேசுங்கள். நம் மாநிலத்தில் வேலூர் சி.எம்.சி.யில் 1971இலேயே செய்த சிகிச்சை, புதுமையே இல்லை. மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவு என்கிறது. வீட்டில் பேச்சு வரும்போது எல்லார் கண்ணும் அம்மா மேலேயே போகும், நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பிகளையும் கேளுங்கள். பணம் கொடுத்து ஆள் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் கிட்னி வாங்கிய சேதி 2025இல் உங்கள் பக்கத்துப் பள்ளிபாளையத்திலிருந்துதான் வந்தது.

அண்ணனுக்கு ஒரு கிட்னி கொடுத்து எட்டு மாதமாகிறது. நான் மூட்டை தூக்கலாமா? கல்யாணப் பேச்சு வந்தால் சொல்ல வேண்டுமா?
நெல் வியாபாரி, 29, தஞ்சாவூர்

காயம் நன்றாக ஆறி, உங்கள் சர்ஜன் சரி என்றால் தூக்கலாம். ஒற்றைச் சிறுநீரகத்தோடே பிறந்து, அது தெரியாமலேயே ஆயுள் முழுக்க வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிரஷர், கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் பாருங்கள். வலி மாத்திரைப் பக்கம் போகாதீர்கள். உடம்பு எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வியாபாரத்தில் உட்கார்ந்தே இருந்தால் ஏறும்.

பெண் வீட்டில் தாராளமாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டுப் பின்வாங்கும் குடும்பம் உங்களுக்கு எதற்கு? குழந்தை பிறப்பதில் ஒரு தடையும் இல்லை. அண்ணன் மட்டும் 'நல்லாத்தானே இருக்கேன்' என்று, புதுக் கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை ஒருவேளைகூட விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு என்றால் இரவும் எட்டு, கல்யாண மண்டபமாக இருந்தாலும்.